6.40 மீட்டர் தாண்டினால் 21 அடியா?

தண்டையார்பேட்டையில் காலை நேரத்தில் பிள்ளைகளுக்கு நீளம் தாண்டுதல் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருஷம் எங்கள் பையன் ஒருவன் அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டான். அவன் தாண்டிய அதிகபட்சத் தூரம் 6.31 மீட்டர். படிவத்திலோ அடி, அங்குலம் கேட்டிருந்தார்கள். ஓர் அடி 0.3048 மீட்டர் என்பதால் போனில் 0.3048-ஆல் வகுத்தான், 20.70 வந்தது. '20 அடி 7 அங்குலம்' என்று நிரப்பிக்கொண்டு வந்து காட்டினான்.

"பாயின்ட்டுக்கு அப்புறம் ஏழுதானே மாஸ்டர்?"

"அது பத்துல ஏழு தம்பி. அடிக்கு அங்குலம் பன்னெண்டு."

0.702-ஐ 12-ஆல் பெருக்கினால் 8.42. ஆக, கால் அங்குலத்துக்கு இறக்கி எழுதினால், அவன் தாண்டியது 20 அடி 8¼ அங்குலம். உழைத்து எடுத்த ஒன்றேகால் அங்குலத்தை அவனே அழித்திருப்பான். நான் பார்த்ததில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். ஆள் உயரத்தை '5.10' என்று எழுதிப் பழகியதிலிருந்து வருகிறது. கணக்குப்படி 5.10 அடி என்பது அஞ்சடி ஒன்றேகால் அங்குலம்கூட இல்லை! அடியையும் அங்குலத்தையும் தனித்தனியாக எழுதுங்கள், நடுவில் புள்ளி வைக்காதீர்கள்.

அடுத்தது, 'இன்ச்சுக்கு ரெண்டரை சென்டி' என்ற கடைக்கணக்கு. துணி அளக்க அது போதும். 6.31 மீட்டரை அப்படி மாற்றினால் 21 அடியைத் தாண்டிவிடும், இல்லாத நாலு அங்குலம் சேர்ந்துவிடும். 1959-இல் ஆங்கில அளவு புழங்கிய நாடுகள் கூடி ஒப்புக்கொண்டபடி ஓர் அங்குலம் சரியாக 2.54 சென்டிமீட்டர். மீட்டருக்கு 3.28 அடி என்பதும் தூரம் கூடக்கூட இடிக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வென்ற 87.58 மீட்டர், 287 அடி 4 அங்குலம். 3.28-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஓர் அங்குலம் காணாமல் போயிருக்கும்.

முழுமையாக்குவதில்தான் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். டேப் பிடித்து அளக்கும்போது சென்டிமீட்டருக்குக் கீழே மிச்சம் இருந்தால் விட்டுவிட வேண்டும், மேலே ஏற்றக் கூடாது. தாண்டாத தூரத்தை எழுதக் கூடாது என்பதுதான் காரணம். அடிக்கணக்கில் அளக்கும் அமெரிக்கப் பள்ளிப் போட்டிகளிலும் நீளம் தாண்டுதலில் கால் அங்குலத்துக்கு இறக்குவார்கள். 6.40 மீட்டர் என்பது 20 அடி 11.97 அங்குலம். கால்குலேட்டர் '21.0' என்று காட்டும். நான் 20 அடி 11¾ என்றுதான் எழுதுவேன். அந்தப் பையனின் அப்பா காசிமேட்டில் படகுக்குப் பலகை இழைப்பவர். கால் அங்குலம் பெரிய விஷயமா என்று மகன் கேட்டபோது அவர்தான் பதில் சொன்னார்: "ரெண்டு நூல் தள்ளி அறுத்தா பலகை சேராதுடா." தச்சர் கணக்கில் ரெண்டு நூல்தான் கால் அங்குலம்.

ஆனால் எல்லாப் பட்டியலும் இப்படிச் செய்வதில்லை. 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் பாப் பீமன் நீளம் தாண்டிய 8.90 மீட்டர், கணக்குப்படி 29 அடி 2.39 அங்குலம். ஓரிடத்தில் 2¼ என்று பார்ப்பீர்கள், இன்னோரிடத்தில் 2½. இரண்டுக்கும் ஆள் ஒருவர்தான், தாண்டலும் ஒன்றுதான். அதனால் மீட்டரில் அளந்த எண்ணை எப்போதும் பக்கத்திலேயே எழுதுங்கள். மாற்றிய எண்ணை மறுபடி திருப்பி மாற்றவும் வேண்டாம். 21 அடி என்பது 6.4008 மீட்டர். அது 6.40 ஆகி, திரும்பும்போது 20 அடி 11¾ ஆகும். ஒரு சுற்றில் கால் அங்குலம் போச்சு.

ஓட்டத்தில் சிக்கல் வேறு. அங்கே மாறுவது ஓடும் தூரமே. 1958-இல் கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் மில்கா சிங் தங்கம் வென்றது 440 கெஜத்தில், 46.6 விநாடி. அது 402.34 மீட்டர். அந்த நேரத்தை அப்படியே 400 மீட்டர் நேரமாக எழுதினால் அவருடைய கால் விநாடியை நாம் பிடுங்கிக்கொள்கிறோம். நானூறு மீட்டர் தடத்தில் நாலு சுற்று ஓடிவிட்டு 'மைல் ஓடினேன்' என்று சொல்லும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். மைலுக்கு இன்னும் ஒன்பது மீட்டர் சொச்சம் பாக்கி இருக்கிறது. 1500 மீட்டரோ மைலை விட 109 மீட்டர் குறைவு.

குண்டு எறிதலில் தூரத்தைச் சரியாக மாற்றிவிட்டு எடையை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்கப் பள்ளிப் பையன்கள் எறிவது 12 பவுண்டு, அதாவது 5.44 கிலோ. நம் 18 வயதுக்குட்பட்ட பையன்கள் எறிவது 5 கிலோ. தூரத்துக்குப் பக்கத்தில் எடையையும் எழுதாவிட்டால், இரண்டையும் ஒப்பிடுபவருக்கு நாம் தப்பான தகவல் கொடுத்ததாக ஆகும்.