நீலகிரியில் பேய்ப்படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் பேய்ப்படத்தோடு மலையேறி வருகிறவர்களின் திரைக்கதைகளில் ஒரே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நாங்களும் ஒரு காலத்தில் செய்தவைதான். பனிமூட்டத்தில் ஃபோகஸ் போவதும் குளிரில் பேட்டரி இறங்குவதும் இரண்டே நாளில் பழகிவிடும். யாரை எப்படிக் காட்டுகிறோம் என்பதில் செய்த தவறு படம் வெளியான பிறகுதான் தெரியவரும்.

ஏவல் வைக்க ஒரு குறும்பர்

எஸ்டேட்டில் பேய் நடமாடுகிறது. ஏவிவிட்டது யார்? சோலைக்குள் இருக்கும், குறும்பர் என்ற பழங்குடியைச் சேர்ந்த மந்திரவாதி. பாதித் திரைக்கதைகள் இப்படித்தான் வருகின்றன. படித்ததும் கோபம்தான் வருகிறது.

குறும்பர்களில் ஒரு பிரிவான ஆலு குறும்பர்கள் சூனியம் வைப்பவர்கள் என்று மலையின் மற்ற ஊர்கள் பயந்த காலம் ஒன்று உண்டு. மாடு செத்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் பழி அவர்கள்மேல் விழும். அந்தப் பழியால் 19ஆம் நூற்றாண்டில் குறும்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். கற்பனை என்று நினைத்து நீங்கள் எழுதுவது அதே பழியைத்தான்.

படம்பிடித்த பிறகு இதைத் திருத்தவும் முடியாது. பேய்க்குக் காரணமே அவர்தான் என்றால் முன்கதை, பரிகாரக் காட்சி, கிளைமாக்ஸ் மூன்றும் அவரைப் பிடித்துத்தான் நிற்கும். எதிர்ப்பு வந்ததும் டப்பிங்கில் ‘குறும்பர்’ என்பதை ‘மலைவாசி’ என்று மாற்றுவார்கள். குடிசையும் உடையும் தேன் எடுக்கும் கயிற்றேணியும் ஃபிரேமில் அப்படியே இருக்கும். ஒரு சமூகத்தின் மேலிருந்த பழி இப்போது தோடர், கோத்தர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லோர் மேலும் விழும்.

எழுதும்போதே ஒரு சோதனை செய்யுங்கள். பாத்திரத்தின் சமூகப் பெயரை அடித்துவிட்டுப் படியுங்கள். பயம் போய்விட்டால், அந்தப் பயத்தைக் கதை உண்டாக்கவில்லை. சாதிப்பெயரிடம் கடன் வாங்கியிருக்கிறது. காரணத்தை ஒரு செயலில் வையுங்கள்: ஏமாற்றி எழுதி வாங்கிய நிலம், கணக்கில் வராத எஸ்டேட் சாவு. குறும்பர் பாத்திரம் ஒன்றே ஒன்று இருந்தால் அவர் முழுச் சமூகத்தையும் சுமப்பார். இரண்டு மூன்று பேராவது இருக்கட்டும். ஒருவர் நர்ஸ், ஒருவர் வனத்துறை வாட்சர், ஒரு பாட்டி. பேயைப் பார்த்து அவர்களும் பயப்படட்டும். மந்திரவாதி வேடம் கொடுக்கும்போது முதலில் பறிபோவது அந்த உரிமைதான்.

திரைக்கதையை முடிவுசெய்யும் முன் அவர்கள் ஊரிலேயே உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். கேட்கிறவர்களுக்கு நாள்கூலியும் சாப்பாடும் பட்ஜெட்டில் இருக்கவேண்டும். அவர்கள் வேண்டாம் என்ற காட்சி போகட்டும்.

பூத்துக்குளியும் கோயிலும்

வெள்ளைத் துணியில் கறுப்பு, சிவப்பு நூல் ஓடும், பூத்துக்குளி என்ற தோடர் போர்வையைப் பேய்க்குப் போர்த்துகிறார்கள். இழையை எண்ணியெண்ணிப் பெண்கள் கையால் போடும் பூவேலை அது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. இறந்தவர் உடலைப் போர்த்துவதும் பூத்துக்குளியால்தான். திரையில் அதைப் பார்க்கும் தோடர் வீட்டுக்குப் பேய் தெரியாது, போன வருஷம் வழியனுப்பிய அம்மாதான் தெரிவாள்.

தோடர் குடியிருப்பான மந்தில், பீப்பாயை வெட்டிக் கவிழ்த்தது போலத் தெரியும் கட்டடம் எல்லாமே வீடு என்று நினைக்காதீர்கள். சில கோயில்கள். தோடர் பெண்களே உள்ளே போவதில்லை. கேமராவோடு நுழையும் முன் கேளுங்கள்.

எல்லோரும் ஒரே தமிழ் பேசுவது

படகர் பேசும் படுகு, தோடர் பேசும் தோடா, கோத்தர் பேசும் கோத்தா எல்லாம் தனித்தனி மொழிகள். தமிழின் கொச்சை வடிவங்கள் கிடையாது. எஸ்டேட் தமிழிலும் வித்தியாசம் உண்டு: 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் குடும்பங்களில் இலங்கை மலையகப் பேச்சு இன்னும் இருக்கிறது. படகர் பாட்டியை மதுரைத் தமிழ் பேசவைத்தால் கோத்தகிரியில் தியேட்டரே சிரிக்கும், பயம் அங்கேயே முடிந்தது. வசனத்தை அந்த மொழிக்காரரே எழுதட்டும். படப்பிடிப்பில் ஹெட்போனோடு அவர் மானிட்டர் பக்கத்தில் உட்காரட்டும். பார்ப்பவர்களுக்குத் தமிழ் சப்டைட்டில் போதும்.

பழங்குடியாகக் காட்ட நடிகர் முகத்தில் கரி பூசுவது

கூடாது.

கோத்தர் இசை

சாவுக்கு வாசிப்பதைப் பதிவுசெய்து பேய் வரும் இடத்தில் ஒட்டாதீர்கள். வாசிக்கும் கலைஞரிடம் காட்சியைச் சொல்லுங்கள், எதை வாசிக்கலாம் என்று அவரே சொல்வார். சம்பளம் அன்றைக்கே, பெயர் டைட்டிலில்.

முதல் திரையிடலைச் சென்னையில் வைப்பது

எடிட் முடிவாகும் முன் கோத்தகிரியிலோ கூடலூரிலோ ஒரு மண்டபம் பிடித்துப் போடுங்கள். நடித்தவர்களின் வீட்டார் முன்வரிசையில் இருக்கட்டும்.