கர்நாடகப் போர் மூணும் குழம்பாம மண்டையில ஏறணும்னா இப்படி படிங்க

எங்க அக்கா பொண்ணு குரூப் டூ-க்கு படிக்கிறா, போன மாசம் கர்நாடகப் போர் பாடத்தை (இங்கிலீஷ் கம்பெனியும் பிரெஞ்சு கம்பெனியும் நம்ம பக்கம் போட்ட மூணு சண்டை) வெச்சுக்கிட்டு அழாத குறை. முகமது அலி யாரு, முசாபர் ஜங் யாரு, நாசிர் ஜங் யாரு, எல்லா பேரும் ஒண்ணாவே இருக்கு மாமான்னா. நானும் காலேஜ்ல இதுல முழிச்சவன்தான், அதனால அவளுக்கு சொல்லிக்கொடுத்த முறையை அப்படியே இங்க எழுதுறேன். ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு ஞாயித்துக்கிழமை போதும்.

முதல்ல பேரை சரி பண்ணிக்கோங்க. கர்நாடகம்னு இங்க சொல்றது இப்ப இருக்கிற கர்நாடக மாநிலம் இல்ல, ஆற்காடு நவாப் ஆண்ட நம்ம பக்கம். அப்புறம் புக்குல வாண்டிவாஷ்னு இருந்தா வந்தவாசி, டிரிச்சினோபோலி திருச்சி, போர்ட்டோ நோவோ பரங்கிப்பேட்டை, டிராங்குபார் தரங்கம்பாடி. இந்த ஊரெல்லாம் நாம பஸ்ல போற ஊருன்னு தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும்.

அடுத்து கடற்கரையை வரைங்க. மேல இருந்து கீழ ஒரு கோடு, அதுல மெட்ராஸ் (இங்கிலீஷ்காரங்க, 1639), பாண்டிச்சேரி (பிரெஞ்சுக்காரங்க), கடலூர்ல செயின்ட் டேவிட் கோட்டை (மறுபடி இங்கிலீஷ்), தரங்கம்பாடி (டேனிஷ், 1620), காரைக்கால் (பிரெஞ்சு, 1739), நாகப்பட்டினம் (டச்சு). வரைஞ்சு முடிச்சதும் பாருங்க, ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும். எல்லாரும் முக்கியமா வாங்க வந்தது ஒரே சரக்குதான், நம்ம நெசவாளிங்க நெய்ஞ்ச துணி. கப்பல்ல வெள்ளியைக் கொண்டு வந்து, வியாபாரிங்க மூலமா நெசவாளிக்கு முன்பணம் கொடுத்து, துணியை வாங்கி ஏத்திட்டு, ஐப்பசி மழையும் புயலும் வர்றதுக்குள்ள இந்தக் கரையை விட்டு கிளம்பிடணும். இதான் பொழப்பு. அப்ப துணி வாங்க வந்தவன் எதுக்கு நிலத்துக்கு சண்டை போட்டான்? இந்த ஒரு கேள்வியை நோட்டுல முதல் பக்கத்துல பெருசா எழுதிக்கோங்க, மொத்த பாடமும் இதுக்கு பதில்தான்.

இப்ப நோட்டுல கோடு கிழிச்சு மூணு காலம் (column) போடுங்க, ஐரோப்பா, ஹைதராபாத், ஆற்காடு. எந்த சம்பவம் வந்தாலும் அது எந்த காலத்துல கிளம்புச்சுன்னு பார்த்து அங்க எழுதணும்.

முதல் போர் (1746-48) ஐரோப்பா காலம். அங்க ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர், இங்க 1746 செப்டம்பர்ல பிரெஞ்சுத் தளபதி லா போர்டோனே கப்பல் படையோட வந்து மெட்ராஸைப் பிடிச்சிட்டார், அடுத்த மாசமே புயல் அவர் கப்பல்களை நொறுக்கிருச்சு. மெட்ராஸை நவாப் கையில கொடுக்கிறேன்னு சொன்ன பாண்டிச்சேரி கவர்னர் டூப்ளே கொடுக்கல, நவாப் அன்வாருதீன் மகன் மாபூஸ் கான் பெரிய படையோட வந்தார், அடையாறு ஆத்துக்கிட்ட சில நூறு பேர் இருந்த பிரெஞ்சுப் படை அவரை விரட்டிருச்சு. இந்த இடத்துல நிறுத்தி ரெண்டு தடவை படிங்க. பயிற்சி கொடுத்த சின்னப் படை பெரிய குதிரைப்படையை ஜெயிக்கும்னு எல்லாருக்கும் தெரிஞ்சது இங்கதான், அதுக்கப்புறம் பட்டத்துக்கு சண்டை போடுற ஒவ்வொருத்தருக்கும் ஒரு கம்பெனிப் படை தேவைப்பட்டுச்சு. 1748 உடன்படிக்கையில மெட்ராஸைத் திருப்பிக் கொடுத்தாங்க, பதிலுக்கு பிரான்சுக்கு கனடா பக்கம் லூயிபர்க் கோட்டை கிடைச்சுது. நம்ம ஊரை வெச்சு எங்கேயோ இருக்கிற கோட்டைக்கு பண்டமாற்று பண்ணிருக்காங்கன்னு நினைச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல.

ரெண்டாவது போர்லதான் (1749-54) எல்லாரும் மாட்டிக்கிறாங்க. இது ஐரோப்பா காலத்துல வராது, அங்க அப்ப சமாதானம். 1748ல ஹைதராபாத்தை ஆண்ட நிஜாம் இறந்துட்டார், அந்தப் பட்டத்துக்கு மகன் நாசிர் ஜங், பேரன் முசாபர் ஜங் போட்டி. ஆற்காட்டுக்கு அன்வாருதீன், சந்தா சாகிப் போட்டி. முசாபர், சந்தா ரெண்டு பேரும் பிரெஞ்சுப் பக்கம்னு ஒரு கலர்ல எழுதுங்க, நாசிரும் அன்வாருதீன் மகன் முகமது அலியும் இங்கிலீஷ் பக்கம்னு இன்னொரு கலர்ல எழுதுங்க, அவ்ளோதான் குழப்பம் தீர்ந்துச்சு. 1749 ஆகஸ்ட்ல ஆம்பூர்ல அன்வாருதீன் செத்தார், முகமது அலி திருச்சிக்கு ஓடினார், சந்தா சாகிப் திருச்சியை முற்றுகை போட, அவர் கவனத்தைத் திருப்ப 1751ல இங்கிலீஷ் கம்பெனியோட கிளைவ் சுமார் 500 பேரோட ஆற்காட்டைப் பிடிச்சு அம்பது நாள் தாக்குப்பிடிச்சார். 1752ல சந்தா சாகிப் கொல்லப்பட்டார், 1754ல டூப்ளேயை ஊருக்கு கூப்பிட்டுட்டாங்க.

இனி முக்கியமான வேலை. ஒவ்வொரு சம்பவத்துக்கும் பக்கத்துல "சிப்பாய்க்கு சம்பளம் யார் கொடுத்தா?"ன்னு எழுதி பதில் தேடுங்க. நவாப்கிட்ட ரொக்கம் இல்ல, அதனால நிலவரியை எழுதிக் கொடுக்கிறார். டூப்ளேக்கு வில்லியனூர், பாகூர் பக்கம் கிராமங்க வந்தது அப்படித்தான். ஹைதராபாத்ல இருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி தன் படைச் செலவுக்குன்னு 1753ல ஏலூரு, ராஜமுந்திரி, ஸ்ரீகாகுளம் எல்லாம் அடங்குன வட சர்க்காரையே வாங்கிட்டார். முகமது அலி இங்கிலீஷ்காரங்களுக்கு பட்ட போர்க்கடன் ஏறிக்கிட்டே போய், 1763ல செங்கல்பட்டு சீமை கம்பெனிக்கு ஜாகீரா (வரி வசூலிக்கிற உரிமையோட) போச்சு. வரி வாங்கினவன் அதைக் காப்பாத்த இன்னும் படை வெக்கிறான், அந்தப் படைக்கு இன்னும் வரி வேணும். அந்த வரி யார் வயித்துல அடிச்சு வந்துச்சுன்னு பாடப்புத்தகம் சொல்றதில்ல, நீங்களாவது குடியானவங்கன்னு ஒரு வார்த்தை ஓரத்துல எழுதி வைங்க.

மூணாவது போர் (1758-63) இந்த முறையில படிச்சா சீக்கிரம் முடிஞ்சிடும். ஏழாண்டுப் போர், ஐரோப்பா காலம். பிரெஞ்சுத் தளபதி லாலி 1758ல கடலூர் கோட்டையைப் பிடிக்கிறார், கையில காசில்ல, பழைய பாக்கியை வசூலிக்க தஞ்சாவூர் போய் தோத்து திரும்புறார், மெட்ராஸ் முற்றுகையும் பலிக்கல, 1759ல சம்பளம் வராம அவர் சிப்பாய்ங்களே கலகம் பண்றாங்க. 1760 ஜனவரி 22 வந்தவாசியில இங்கிலீஷ் தளபதி அயர் கூட் ஜெயிச்சார், 1761 ஜனவரில பாண்டிச்சேரி விழுந்துச்சு.

நேரம் இருந்தா ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்புல கொஞ்சமாவது படிங்க. டூப்ளேக்கு துபாஷா (மொழிபெயர்ப்பாளர், தரகர்) இருந்தவர், 1736ல இருந்து தமிழ்ல எழுதிட்டு வந்தார், சரக்கு விலையும் சண்டையும் ஒரே பக்கத்துல வரும். பாண்டிச்சேரி போனா அவர் வீடு இருக்கு, பாருங்க. டூப்ளே காலத்து கோட்டையைத் தேடி மட்டும் அலையாதீங்க, 1761ல இங்கிலீஷ்காரங்க அதை இடிச்சுத் தரைமட்டம் ஆக்கிட்டாங்க, இப்ப நாம பார்க்கிற பிரெஞ்சுத் தெருக் கட்டடங்க அதுக்கப்புறம் கட்டினது.