வெளிநாட்டுக் கூட்டாளியோடு ஆராய்ச்சி மானியம்: சிறு நிறுவனம் எங்கிருந்து தொடங்குவது?

பன்னாட்டு ஆராய்ச்சி மானியம் கேட்கப் போகும் சிறு நிறுவனங்கள் எடுத்த எடுப்பில் விண்ணப்பப் படிவத்தைத்தான் திறக்கின்றன. முதலில் பார்க்க வேண்டியது கையிருப்பை. இவ்வகைத் திட்டங்கள் பலவற்றில் தனியார் நிறுவனத்துக்கு முழுச் செலவும் கிடைக்காது. கிடைக்கும் பங்கிலும் பெரும்பகுதி, நீங்கள் செலவழித்துக் கணக்குக் காட்டிய பிறகுதான் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திட்டம் 24 மாதம், உங்கள் பங்குச் செலவு 3,00,000 யூரோ, மானியம் 50 சதவீதம், அதில் 30 சதவீதம் முன்பணம் என்று வையுங்கள். மாதம் 12,500 யூரோ போகும். முன்பணமாக வருவது 45,000. அடுத்த தவணை 12-ஆம் மாத அறிக்கைக்குப் பிறகு. அதைச் சரிபார்க்க மூன்று மாதம் ஆனால், 15-ஆம் மாத முடிவில் செலவு 1,87,500, வரவு அதே 45,000. இடைவெளி 1,42,500 யூரோ. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து நீங்கள் போட வேண்டிய சொந்தப் பணம் 1,50,000. அது கிட்டத்தட்ட முழுவதும் ஒன்றேகால் ஆண்டிலேயே கரைந்துவிடுகிறது. இந்த இடைவெளியைத் தாங்க வங்கிக் கடனோ முதலீட்டாளரோ இல்லையென்றால், விண்ணப்பம் வென்றாலும் நிறுவனம் திணறும். உங்கள் திட்டத்தின் தவணை விதிகளை வைத்து இதே அட்டவணையை மாதவாரியாகப் போட்டுவிட்டு மேலே போங்கள்.

எந்தத் திட்டம்?

பல நாடுகள் சேர்ந்து 1985-இல் தொடங்கிய யுரேகா என்ற ஆராய்ச்சி வலையமைப்பின் யூரோஸ்டார்ஸ் மானியத் திட்டம், சிறு நிறுவனங்களுக்கென்றே வகுக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கு வெளியே கனடா, தென்கொரியா போன்ற நாடுகளும் அதில் உண்டு. முதல்முறை போகிறவர்களுக்கு இந்த அளவுதான் சரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப் (2021–2027) மிகப் பெரியது. அதன் கூட்டுத் திட்டங்களுக்குக் குறைந்தது மூன்று நாடுகளிலிருந்து மூன்று அமைப்புகள் வேண்டும், நடைமுறையில் அதைவிடப் பல மடங்கு சேரும். அங்கே தலைமைப் பொறுப்பை ஏற்காமல் உறுப்பினராகச் சேருங்கள். அமெரிக்காவும் இஸ்ரேலும் 1977-இல் நிறுவிய பேர்ட் போன்ற இருதரப்பு நிதியங்களில் இரண்டு நிறுவனங்களே போதும். ஆனால் பொருள் விற்கத் தொடங்கினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

யூரோஸ்டார்ஸில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விண்ணப்பம் ஒரே இடத்துக்குப் போகும். பணமோ ஒவ்வொரு கூட்டாளிக்கும் அவரவர் நாட்டு நிதி அமைப்பிலிருந்து வரும். ஆகவே மானிய விகிதம், உச்சவரம்பு, பல்கலைக்கழகத்துக்குப் பணம் உண்டா இல்லையா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். எழுதத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு கூட்டாளியும் தன் நாட்டு அமைப்பிடம் பேசி, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைக்கட்டும். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் கூட்டாளியால்தான் மொத்தத் திட்டமும் கவிழும்.

நிதிநிலைத் தேர்வையும் அப்போதே கேளுங்கள். அரசுகள் நிறுவனங்களுக்குப் பணம் தருவதைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய அரசு உதவி விதிகளின்படி, திரண்ட நட்டம் பங்கு மூலதனத்தில் பாதிக்கு மேல் தின்றுவிட்ட நிறுவனம் ‘நெருக்கடியில் உள்ள நிறுவனம்’ ஆகிவிடும், மானியம் கிடைக்காது. மூன்று வயதுக்குட்பட்ட சிறு நிறுவனங்களுக்கு இதில் விலக்கு உண்டு. நான்காம் ஆண்டில் இருக்கும் ஸ்டார்ட்-அப்புகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். விண்ணப்பிக்கும் முன்பே மூலதனத்தைச் சீர்செய்ய ஆடிட்டரிடம் பேசுங்கள்.

பங்கு பிரிக்கும் கணக்கு

யூரோஸ்டார்ஸில் தலைமை ஒரு புதுமை சார்ந்த சிறு நிறுவனத்திடம் இருக்க வேண்டும். மொத்தச் செலவில் பாதியாவது சிறு நிறுவனங்களுடையதாக இருக்க வேண்டும். எந்த ஒரு கூட்டாளியோ நாடோ 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. திட்டம் 36 மாதத்துக்குள் முடிய வேண்டும்.

பத்து லட்சம் யூரோ திட்டத்தில் உங்களுக்கு 4,50,000, வேறொரு நாட்டுச் சிறு நிறுவனத்துக்கு 2,50,000, அதே நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு 3,00,000 என்றால் எல்லா விதியும் பொருந்துகிறது. கடைசி வாரத்தில் பல்கலைக்கழகம் ஒரு கருவியைச் சேர்த்துத் தன் பங்கை 7,50,000 ஆக்கினால், மொத்தம் 14,50,000. சிறு நிறுவனங்களின் பங்கு 48 சதவீதமாகச் சரிந்து விண்ணப்பம் தகுதியிழக்கும். பட்ஜெட்டை எவர் தொட்டாலும் இந்த விகிதங்கள் தானாகக் கணக்கிடப்படும்படி எக்செலில் சூத்திரம் போட்டு வையுங்கள்.

கூட்டாளி தேடல்

சிறு நிறுவனங்களுக்கு வெளிநாட்டுக் கூட்டாளி தேட உதவும், 2008 முதல் இயங்கும் எண்டர்பிரைஸ் யூரோப் நெட்வொர்க்கில் இலவசமாக விவரக் குறிப்புப் போடலாம். ‘நாங்கள் சென்சார் துறையில் வல்லுநர்கள், கூட்டாளி தேவை’ என்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ‘நீர்க்குழாய்க் கசிவை ஒலியால் கண்டறியும் சென்சார் எங்களிடம் உள்ளது, ஆய்வகச் சோதனை முடிந்தது, ஆறு மாதம் உண்மையான குழாயில் பொருத்திப் பார்க்க ஒரு நீர் வழங்கல் நிறுவனம் வேண்டும்’ என்று எழுதுங்கள். இருப்பது என்ன, எந்த நிலையில் இருக்கிறது, வேண்டியது என்ன என்ற மூன்றும் அதில் இருக்கிறது.

ஒருவர் கிடைத்ததும், அவரை நீக்கினாலும் திட்டம் நடக்குமா என்று பாருங்கள். நடக்குமென்றால் அவர் பெயருக்குச் சேர்த்த ஆள். மதிப்பீட்டாளர்களுக்கு அது உடனே தெரியும். பேராசிரியரின் பெயரைக் கண்டு மயங்காமல், வேலையைச் செய்யப்போவது யார் என்று கேளுங்கள். ‘இனிமேல்தான் ஆள் எடுக்க வேண்டும்’ என்றால் முதல் சில மாதங்களை அட்டவணையிலிருந்து கழித்துவிடுங்கள்.

ஒப்பந்தம்

கூட்டாளிகளுக்கிடையிலான ஒப்பந்தத்தை மானியம் வந்த பிறகு பேசலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அப்போது எல்லாருக்கும் அவசரம் இருக்கும், பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்காது. ஹொரைசன் திட்டங்களுக்கு டெஸ்கா என்ற மாதிரி ஒப்பந்தம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் நீங்கள் உட்கார்ந்து நிரப்ப வேண்டியது அறிவுச் சொத்துப் பகுதியை. திட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் இருந்தவை எவை என்று பட்டியலிடுங்கள்: மென்பொருள், வரைபடம், தரவு, பதிப்பு எண் உட்பட.

‘விளைவுகள் அனைவருக்கும் கூட்டு உரிமை’ என்ற வரி நியாயமாகத் தோன்றும். சிறு நிறுவனத்துக்கு அதுதான் பொறி. அமெரிக்கச் சட்டத்தில், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கூட்டுக் காப்புரிமையின் ஓர் உரிமையாளர் மற்றவரைக் கேட்காமலேயே பிறருக்கு உரிமம் தரலாம். பிரிட்டனிலும் இந்தியாவிலும் மற்றவரின் சம்மதம் வேண்டும். ஒரே வரிக்கு நாட்டுக்கொரு பொருள். உருவாக்கியவரே உரிமையாளர், மற்றவருக்கு இன்ன துறையில் இன்ன விலையில் உரிமம் என்று பிரித்து எழுதுவதே பாதுகாப்பு.

பல்கலைக்கழகம் கட்டுரை வெளியிட விரும்பும். அது அவர்கள் தொழில். ஆனால் விண்ணப்பிக்கும் முன் வெளியான கண்டுபிடிப்புக்கு ஐரோப்பாவில் பொதுவாகக் காப்புரிமை கிடைக்காது. வெளியீட்டுக்கு முன் எத்தனை நாள் அறிவிப்பு, எவ்வளவு காலம் தள்ளிவைக்கலாம் என்பதை எண்ணாகவே எழுதுங்கள். மாநாட்டுச் சுவரொட்டியும் முதுகலை ஆய்வேடும் வெளியீட்டுக் கணக்கில்தான் சேரும்.

எழுதும்போதும் பிறகும்

ஆள்-மாதக் கணக்கில் (ஒருவர் ஒரு மாதம் செய்யும் வேலை ஓர் ஆள்-மாதம்) விடுமுறையைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள். ஹொரைசன் யூரோப் ஓர் ஆண்டுக்கு 215 வேலை நாள் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 18 நாள். தொழில்நுட்பப் பகுதியை இருபது முறை திருத்திவிட்டுச் சந்தைப் பகுதியைக் கடைசி இரவில் எழுதுவது இன்னொரு பழக்கம். உலகச் சந்தை இத்தனை பில்லியன் என்பதால் மதிப்பெண் ஏறாது. முதல் பத்து வாடிக்கையாளர்கள் எப்படிப்பட்டவர்கள், இன்று எதற்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

ஆர்வத்தில் கருவிக்கு முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். தொடக்கத் தேதிக்கு முன் செய்த செலவு பொதுவாகக் கணக்கில் ஏறாது. ஐரோப்பிய அரசு உதவி விதிகளிலோ, விண்ணப்பிக்கும் முன்பே வேலை தொடங்கியிருந்தால் மொத்தத் தகுதியே போகலாம்.

மானியம் வந்ததும் முதல் நாளிலிருந்தே டைம்ஷீட் எழுதுங்கள், மாதம்தோறும் கையொப்பம். ஆண்டு முடிவில் ஒரே பேனாவில் நிரப்பியதைத் தணிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார், ஊழியர் விடுப்பில் இருந்த நாளில் எட்டு மணி நேரம் எழுதியிருப்பதையும் சேர்த்து. இடையில் ஒரு கூட்டாளி விலகினால், அவர் வேலையை உங்களுக்குள் பிரித்துக்கொண்டு பிறகு சொல்லலாம் என்று இருந்துவிடாதீர்கள். நிதி அமைப்புக்கு முதலில் எழுதுங்கள். எழுத்தில் ஒப்புதல் வரும்வரை மாற்று ஆளுக்குச் செலவு செய்யாதீர்கள்.