கல்லூரிக் காலத்தில் துணை நிற்கும் உறவுகளை அமைத்துக்கொள்வது எப்படி?

டெல்டா மாவட்டக் கல்லூரிகளில் படிப்போரில் பலர் நாள்தோறும் ஊரிலிருந்து வந்து போகிறவர்கள். கடைசி மணி அடித்ததும் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால், விடுதி மாணவர்களுக்கு வாய்க்கும் மாலை நேரப் பேச்சு இவர்களுக்கு வாய்ப்பதில்லை. ஆகவே நட்புக்கான நேரத்தைப் பயணத்திலேயே தேடிக்கொள்ள வேண்டும். திருத்துறைப்பூண்டியிலிருந்து மன்னார்குடிக்கோ, மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணத்துக்கோ உங்களோடு தினமும் ஒரே வண்டியில் வருகிறவரிடம் பெயரையும் துறையையும் கேட்டுப் பழகத் தொடங்குங்கள். அவர் வேறு துறையைச் சேர்ந்தவர் என்றால் இன்னும் நல்லது. வகுப்புக்குள் மனக்கசப்பு வரும்போது அதைப் பேசுவதற்கு வகுப்புக்கு வெளியே ஓர் ஆள் தேவைப்படும். சொந்த ஊர், சொந்த சாதி என்ற வட்டத்துக்குள்ளேயே மூன்று ஆண்டுகளையும் கழித்துவிடாதீர்கள் என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

உறவு வேர்பிடிப்பது சிறிய, திட்டமான உதவிகளால்தான். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில், களத்துக்கு ஆள் போதாமல் வீட்டில் நிறுத்திக்கொள்ளப்படும் மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படி வராமல் போன நண்பரிடம் "ஏதாவது வேணுமா?" என்று பொதுவாகக் கேட்டால், "ஒண்ணும் வேண்டாம்" என்ற பதிலே பெரும்பாலும் வரும். அதற்குப் பதிலாக, அன்று நடத்திய பாடத்தின் பக்கங்களைப் படமெடுத்து, இன்டர்னல் தேர்வுத் தேதியையும் வருகைப்பதிவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நீங்கள் உதவி கேட்கும்போதும் இதே முறைதான்: "புதன்கிழமை நோட்ஸ் மட்டும் அனுப்புடா, புரியாததை நாளைக்கு பஸ்ல கேட்டுக்கிறேன்" என்று அளவாகக் கேட்டால் கொடுப்பவருக்கும் சுமையாக இராது. பணம் கடன் வாங்கினால், திருப்பித் தரும் நாளை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஆசிரியரிடம் மதிப்பெண்ணுக்காக மட்டும் போய் நிற்காதீர்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தார். ஆயினும் அங்கே அவருக்குக் கணிதம் கற்பித்த சேஷு ஐயர்தான், சில ஆண்டுகள் கழித்து 1910இல், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். ராவ் மாதந்தோறும் பணம் அனுப்பி ராமானுஜனைத் தாங்கினார். அரியர் விழுந்தது என்று கூசி ஆசிரியரைத் தவிர்ப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் ஒரு சந்தேகத்தைக் கேளுங்கள். அவர் சொன்னதைப் படித்துவிட்டு, என்ன புரிந்தது என்பதை அடுத்த வாரம் அவரிடமே போய்ச் சொல்லுங்கள்.

மூத்த மாணவர்களின் துணையும் வேண்டும்தான். ஆனால் பழகுவது என்ற பெயரில் அவமானப்படுத்துவது ராகிங். அது தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால் தயங்காமல் புகார் அளியுங்கள்.

நண்பர் ஒருவர் உறக்கமின்றி, உணவின்றி, வாழவே பிடிக்கவில்லை என்று பேசத் தொடங்கினால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை உடனிருந்து அழைத்துக் கொடுங்கள். அது கட்டணமின்றி இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். அன்றைக்கே அவர் வீட்டாரில் ஒருவருக்கோ, நம்பிக்கையான ஆசிரியருக்கோ தெரிவித்துவிடுங்கள்.