பழைய பம்ப் ஷாட்கன்: பாகம் மாற்றப்போய் துப்பாக்கியையே தொலைப்பது எப்படி

போன மாதம் தட்டு சுடும் மைதானத்தில் ஒரு தம்பி ரெமிங்டன் 870 ஒன்றை (முன்கட்டையைப் பின்னும் முன்னும் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப் ஷாட்கன்) பழைய பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு வந்தான். பக்கத்து வீட்டு அமெரிக்கத் தாத்தா கொடுத்துவிட்டுப் போனதாம். வால்நட் கட்டை, நீலம் மங்காத இரும்பு, அழகான விங்மாஸ்டர் ரகம். "அண்ணா, ஷெல் லேட்ச் தேஞ்சிருந்துச்சுன்னு புதுசு மாத்தினேன். இப்ப ஒண்ணு வரவேண்டிய இடத்துல ரெண்டு வருது."

ஷெல் லேட்ச் என்பது தோட்டாக்களை ஒவ்வொன்றாக விடும் தகடு. விசை அமைந்த ட்ரிகர் தொகுதியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்சுவர் முழுக்கப் பஞ்ச் (சுத்தியலால் அடிக்கும் இரும்புக் குச்சி) குத்திய தழும்பு, அம்மை வடு போல. எனக்குக் கோபம் வந்தது அவன்மேல் இல்லை. ஓஹையோவுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன்.

குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில் தோட்டா இருக்கிறதா என்று பார், கண்ணுக்குக் கண்ணாடி போடு என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் ஸ்குரூ டிரைவரையே தொடக்கூடாது. பாகம் மாற்றும்போது புதியவர் செய்யும் தவறுகள் மட்டும் இங்கே.

தோட்டா ஒட்டிக்கொண்டால் எக்ஸ்ட்ராக்டரைத் திட்டுவது

சுட்ட தோட்டா வெளியே வர மறுத்தால், புதியவர் உடனே தோட்டாவை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரும் அதன் ஸ்பிரிங்கும் வாங்கிவிடுகிறார். பெரும்பாலும் குற்றவாளி அறைதான். வருடக்கணக்கில் உருகிப் படிந்த பிளாஸ்டிக்கும் துருவும் சேர்ந்து அறையின் சுவர் சொரசொரப்பாகிவிடும். அடிப்பாகம் இரும்பில் செய்த மலிவு விலைத் தோட்டா அதில் போய்க் கவ்விக்கொள்ளும். முதலில் அறையைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, வேறு ரகத் தோட்டா போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் எக்ஸ்ட்ராக்டரைச் சந்தேகிக்கலாம்.

குழலில் உள்ள எழுத்தை நம்பி பாகம் வாங்குவது

ரெமிங்டன் குழலில் தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் குறிக்கும் எழுத்துகள் இருக்கும். அது குழலின் வயது. 870இல் குழல் மாற்றுவது நொடி வேலை. 1950இலிருந்து யார் யார் எதை எதில் மாட்டினார்களோ! 1980களின் நடுவில் தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் கேரியரும், அறையை மூடும் போல்ட்டைத் தாங்கும் ஸ்லைடும் மாறின. தோட்டா ஒன்று தவறி கேரியருக்குக் கீழே நழுவினால் பழைய அமைப்பு அப்படியே பூட்டிக்கொள்ளும். அதற்குத்தான் அந்த மாற்றம். கேரியரின் நடுவே U வடிவில் வெட்டு இருந்தால் புதியது, இல்லாவிட்டால் பழையது. குழலைப் பார்க்காதீர்கள், இதைப் பாருங்கள். நீளமான மேக்னம் தோட்டாவுக்கான ரிசீவருக்கு (எல்லாப் பாகமும் பொருந்தும் நடு உடல்), சுட்ட தோட்டாவை வெளியே எறியும் எஜெக்டரும் வேறு.

ரிசீவரைத் திருத்துவது

இதற்குத்தான் இவ்வளவு நேரம்.

பம்ப் துப்பாக்கியில் ஆயிரம் பாகம் இருந்தாலும் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது ரிசீவர் ஒன்றுதான். வரிசை எண் அதில்தான் இருக்கிறது. குழல், போல்ட், ட்ரிகர், கட்டை எல்லாம் தபாலில் வரும் உதிரிபாகங்கள். ரிசீவர் கெட்டால் உரிமம் பெற்ற கடைக்குப் போய், படிவம் நிரப்பி, இன்னொரு துப்பாக்கி வாங்குகிற வேலை. ஆக நீங்கள் கையில் அரத்தை எடுக்கும்போது, ஒரு பக்கம் ஓரிரு பெட்டித் தோட்டாவின் விலைகூட இல்லாத ஒரு தகடு, இன்னொரு பக்கம் முழுத் துப்பாக்கி. புதியவர் எதைத் தேய்க்கிறார்? ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைத்தான் தேய்க்கிறார்.

870இன் உள்ளே இடதும் வலதுமாக இரண்டு ஷெல் லேட்ச் உண்டு. நீளமான, ஒல்லியான ஸ்பிரிங் தகடுகள். ஒன்று தோட்டா அடுக்கிய மேகசின் குழாயிலிருந்து ஒரு தோட்டாவை விடும்போது மற்றது அடுத்ததை மறித்து நிற்கும். ரிசீவர் சுவரின் பள்ளத்தில் அவை உட்கார்ந்திருக்கும். பள்ளத்தின் கரையைக் கடுகளவு தட்டி மடித்துப் பிடிக்க வைத்திருப்பார்கள். ட்ரிகர் தொகுதியைப் பொருத்தும் முன்பக்க ஊசியும் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். பத்தாயிரம் முறை பம்ப் அடித்தபின் அந்த மடிப்பு தளர்ந்துவிடுகிறது. லேட்ச் முன்னும் பின்னும் ஆடுகிறது. இரண்டு தோட்டா ஒன்றாக வருகிறது, அல்லது ஒன்று தரையில் குதிக்கிறது.

இங்கே தேய்ந்தது லேட்ச் இல்லை. தளர்ந்தது மடிப்பு. நகத்தால் லேட்சைத் தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும். தோட்டாவின் விளிம்பைப் பிடிக்கும் மூக்கு கூராக இருந்தால் அந்த லேட்ச் இன்னும் முப்பது வருடம் உழைக்கும்.

இது தெரியாமல் நான் என் விங்மாஸ்டரின் லேட்சை நெம்பிப் பிடுங்கினேன். புதியது பள்ளத்தில் இறங்க மறுத்தது, ஒரு மயிரிழை தடிமன் கூடுதல். என்ன செய்திருக்க வேண்டும்? லேட்சின் விளிம்பை மெல்லிய அரத்தில் நாலு இழுப்பு. நான் செய்தது? சின்ன சுழல் கருவியைப் பள்ளத்துக்குள் விட்டேன். இரண்டு நொடி. ஒரு முனகல், கொஞ்சம் தீப்பொறி. லேட்ச் சுகமாக இறங்கியது. சுகமாக வெளியேயும் வந்தது. பிறகு அதைப் பிடிக்க வைக்கப் பஞ்ச் வைத்து அடித்தேன். அடியில் முட்டுக் கொடுக்கவில்லை. வளைந்தது கரை மட்டுமில்லை.

துப்பாக்கி மெக்கானிக் ஒரு பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உள்ளே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இதை விற்காதே, பாகமாக வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பார்த்ததற்குக் காசுகூட வாங்கவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

சரியாகச் செய்ய நினைப்பவருக்கு: லேட்சை வைத்து, ட்ரிகர் தொகுதியின் முன்பக்க ஊசியை அதன் ஓட்டையில் செருகி நேர்படுத்துங்கள். ரிசீவருக்கு அடியில் அசையாத இரும்புக்கட்டை ஒன்றை முட்டுக் கொடுங்கள். பழைய தழும்பு இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, சின்ன அடி. லேட்சை விரலால் அமுக்கிப் பாருங்கள். மூக்கு தானாகத் துள்ளி வரவேண்டும். வராவிட்டால் அதிகமாக அடித்துவிட்டீர்கள். ஆடினால் இன்னொரு சின்ன அடி. கை நடுங்குகிறதா? மெக்கானிக்கிடம் கொடுங்கள், இது அவர்களுக்குக் கால் மணி நேர வேலை.

எஜெக்டர் ஸ்பிரிங்

870இல் அது ரிவெட், அதாவது திருகாணி இல்லாமல் தட்டி இறுக்கியது. வீட்டில் வேண்டாம்.

மாஸ்பெர்க் 500இலும் இப்படித்தான் என்று நினைப்பது

அதில் நேர் எதிர். ட்ரிகர் தொகுதியை இறக்கினாலே இரண்டு தடுப்புத் தகடுகளும் மடியில் விழும். உடைத்துவிட்டோமோ என்று பதற வேண்டாம், அமைப்பே அதுதான். எஜெக்டரும் திருகாணியில்தான் நிற்கிறது, மாற்றுவது சுலபம். ஆனால் ரிசீவர் அலுமினியம். இரும்பு 870இல் பழகிய கையோடு இதில் பஞ்சைத் தூக்காதீர்கள்.

பழுதில்லாததைப் பழுது என்பது

பழைய வின்செஸ்டர் 12லும் பழைய இதாகா 37லும் விசையை அமுக்கியபடியே பம்ப் அடித்தால் மூடும்போது வெடிக்கும். விசையைத் துண்டிக்கும் பாகம் அவற்றில் கிடையவே கிடையாது. தேய்ந்த பாகம் என்று தேடி அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும். இதாகாவில் இன்னொன்று: வரிசை எண் 855000க்கு முந்தையது என்றால் குழல் அப்படியே மாறிப் பொருந்தாது, பொருத்தித் தரவேண்டும்.

நிஜத் தோட்டா போட்டு வீட்டுக்குள் சோதிப்பது

டம்மி தோட்டா விற்கிறார்கள். வாங்குங்கள்.

தம்பியின் துப்பாக்கிக்கு வருவோம். அவன் பள்ளத்தைத் தோண்டவில்லை, அடித்ததோடு நிறுத்தியிருந்தான். மடிப்பு இறுகி புது லேட்ச் பாதியில் சிக்கியிருந்தது. அதைத் தளர்த்தி எடுத்தோம். புது லேட்சின் மூக்கு ஏற்கெனவே வளைந்து போயிருந்தது. சரி, பழையதையே போட்டுவிடலாம், அதில் குறையிருக்காது என்றேன்.

"குப்பையில போட்டுட்டேன் அண்ணா."

எப்போது என்று கேட்டேன். குப்பை வண்டி செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டுப் போயிருந்தது.