கலிஃபோர்னியாவுல முதல் தடவை தோட்டா வாங்கப் போறீங்களா? என்ன ஐடி வேணும், நம்ம டேட்டா எங்க போகுது

எங்க ஷூட்டிங் ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுட்டுப் பழகுற இடம்) புதுசா வர்ற நம்ம ஆளுங்க என்கிட்ட அடிக்கடி கேக்குறது இது தான்: "அண்ணா, துப்பாக்கிய முறையா வாங்கி வீட்ல வச்சிருக்கேன், தோட்டா மட்டும் ஏன் தர மாட்டேங்குறாங்க?" கையில டிரைவர்ஸ் லைசென்ஸ் இருக்கு, காசு இருக்கு, ஆனா கவுன்டர்ல இருக்குறவர் ஸ்க்ரீன பாத்துட்டு ரிஜெக்டட்னு சொல்லி கார்ட திருப்பிக் குடுத்துடுறாரு. எனக்கும் இது நடந்திருக்கு, அதனால ஒவ்வொரு ஸ்டெப்பா எழுதுறேன். இது கலிஃபோர்னியாவுக்கு மட்டும் தான், பக்கத்து ஸ்டேட்ல கதையே வேற.

சுருக்கமா பின்னணி. 2016 நவம்பர்ல ப்ராப் 63ன்னு மக்களே ஓட்டு போட்டு ஒரு சட்டம் வந்துச்சு. 2018 ஜனவரி 1ல இருந்து ஆன்லைன்ல ஆர்டர் பண்ண தோட்டா நேரா வீட்டுக்கு வராது, லைசென்ஸ் உள்ள கடைக்கு வந்து அங்க போய் தான் வாங்கணும். 2019 ஜூலை 1ல இருந்து வாங்குற ஒவ்வொரு தடவையும் பேக்ரவுண்ட் செக், அதாவது நீங்க வாங்கலாமா கூடாதான்னு ஸ்டேட் ரெக்கார்ட்ல பாக்குறது. ஆறு ஒலிம்பிக்ல தொடர்ந்து மெடல் வாங்குன துப்பாக்கி சுடும் வீராங்கனை கிம் ரோட் பேர்ல இத எதிர்த்து வழக்கு நடக்குது, 2024 ஜனவரில நீதிபதி பெனிடெஸ் செல்லாதுன்னாரு, 2025 ஜூலைல மேல்முறையீட்டு கோர்ட்லயும் ரெண்டுக்கு ஒண்ணுன்னு அதே முடிவு, ஆனா அதோட செக் நின்னுடல. அதனால கிளம்புறதுக்கு மொத நாள் கலிஃபோர்னியா டிஓஜே (ஸ்டேட்டோட டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) சைட்ட ஒரு தடவை பாத்துடுங்க.

ஸ்டெப் 1: மொதல்ல உங்க விசா

நம்ம ஆளுங்க நிறைய பேர் தவற விடுறது இத தான். ஹெச்1பி, எஃப்1 மாதிரி விசால இருக்குறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்க ஃபெடரல் சட்டப்படி கூடாது, ஏதாவது ஒரு ஸ்டேட்டோட செல்லுபடியான ஹன்ட்டிங் லைசென்ஸ் இருக்குற மாதிரி சில விதிவிலக்கு மட்டும் உண்டு. ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுடுறதுக்கும் இதே தான், ஃப்ரெண்டு "ஊருக்கு போயிட்டு வர்றேன், இந்த பாக்ஸ வீட்ல வச்சிரு"ன்னு குடுத்தாலும் இதே தான். கிரீன் கார்டு, சிட்டிசன்னா பிரச்சனை இல்ல. சந்தேகம்னா கடைக்காரர்கிட்ட கேக்காதீங்க, இமிக்ரேஷன் லாயர்கிட்ட கேளுங்க, ஏன்னா இதுல மாட்டுனா ஃபைனோட போகாது, இந்த நாட்டுல இருக்கறதே கேள்விக்குறியாயிடும்.

ஸ்டெப் 2: லைசென்ஸ எடுத்து மேல பாருங்க

உங்க டிரைவர்ஸ் லைசென்ஸோட வலது மேல் மூலைல தங்க நிற கரடியும் அதுக்குள்ள நட்சத்திரமும் இருந்தா அது ரியல் ஐடி (ஃபெடரல் அரசும் ஏத்துக்குற ஐடி), அது ஒண்ணே போதும். அதுக்கு பதிலா "ஃபெடரல் லிமிட்ஸ் அப்ளை"ன்னு எழுதியிருந்தா கூட இன்னொரு ஆவணம் வேணும், நீங்க இங்கயே பொறந்த சிட்டிசனா இருந்தாலும். செல்லுபடியாகுற யூஎஸ் பாஸ்போர்ட், சான்றளிச்ச பர்த் சர்ட்டிஃபிகேட், நேச்சுரலைசேஷன் சர்ட்டிஃபிகேட், கிரீன் கார்டு, இதுல ஏதாவது ஒண்ணு. ஃபோன்ல இருக்குற ஃபோட்டோவ நம்பி போகாதீங்க, ஒரிஜினல் எடுத்துட்டு போங்க.

நம்ம பேரு விஷயம் இங்க தான் வந்து நிக்கும். பாஸ்போர்ட்ல அப்பா பேர் பின்னாடி, லைசென்ஸ்ல முன்னாடி, இன்னொண்ணுல வெறும் இனிஷியல்னு ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி இருக்கும். ரெண்டு டாகுமென்ட்லயும் பேர் ஒத்துப்போகலன்னா பேர் மாறுனதுக்கு ஆதாரம் கேப்பாங்க, கல்யாணத்துக்கப்புறம் பேர் மாத்துன அக்கா தங்கச்சிங்க மேரேஜ் சர்ட்டிஃபிகேட்டையும் சேத்து எடுத்துக்கோங்க.

ஸ்டெப் 3: எந்த செக் உங்களுக்கு

ரெண்டு வகை முக்கியம். ஸ்டாண்டர்ட் செக், 5 டாலர் (2025 ஜூலைக்கு முன்னாடி 1 டாலர் தான்), கடைலயே நின்னு கொஞ்ச நேரத்துல முடிஞ்சுடும். ஆனா உங்க பேர்ல ஒரு துப்பாக்கி ஸ்டேட்டோட ரெக்கார்ட்ல இருக்கணும், அந்த ரெக்கார்ட்ல இருக்குற பேர், பிறந்த தேதி, ஐடி நம்பர், அட்ரஸ் நாலும் இன்னைக்கு நீங்க நீட்டுற லைசென்ஸோட அப்படியே ஒத்துப்போகணும்.

நான் மாட்டுனது நாலாவதுல. அபார்ட்மென்ட்ல இருந்து வீடு மாறுனதும் டிஎம்வில (டிரைவர்ஸ் லைசென்ஸ் குடுக்குற ஆபீஸ்) அட்ரஸ் மாத்தி புது லைசென்ஸும் வாங்கிட்டேன், துப்பாக்கி ரெக்கார்டும் தானா மாறிடும்னு நெனச்சுட்டேன், அது மாறாது. க்ளே (பறக்க விடுற களிமண் தட்டு) சுடுறதுக்கு ரெண்டு பாக்ஸ் பன்னெண்டு கேஜ் ஷாட்கன் தோட்டா எடுத்துட்டு கவுன்டர்ல நிக்கிறேன், கார்ட ஸ்வைப் பண்ணாரு, மானிட்டர என் பக்கம் திருப்பி காட்டுனாரு, ரிஜெக்டட்ங்கற ஒத்த வார்த்தை தான் இருந்துச்சு, எதனாலன்னு அவருக்கும் தெரியல. பின்னாடி க்யூல இருந்தவங்க பார்வை முதுகுல உறுத்துச்சு. வீட்டுக்கு வந்து டிஓஜேவோட சிஃபார்ஸ் (CFARS)ங்கற துப்பாக்கி ரெக்கார்ட் சைட்ல அக்கவுன்ட் தொறந்து ரெக்கார்ட்ல புது அட்ரஸ போட்டேன், அதுக்கு காசு கிடையாது, அடுத்த தடவை உடனே பாஸ். 2023 முதல் பாதில பண்ண செக்ல கிட்டத்தட்ட 11 சதவீதம் ரிஜெக்ட் ஆச்சுன்னு பெனிடெஸ் தீர்ப்புலயே இருக்கு, அதுல உண்மையிலேயே வாங்கக்கூடாதவங்க ரொம்ப ரொம்ப கம்மி. மீதி பேர் என்ன மாதிரி, ரெக்கார்ட் பொருந்தாதவங்க.

2014க்கு முன்னாடி வாங்குன ரைஃபிள், ஷாட்கன் பெரும்பாலும் ரெக்கார்ட்லயே இருக்காது, அதையும் மனசுல வச்சுக்கோங்க. ரெக்கார்டே இல்லாதவங்களுக்கு பேசிக் செக், 19 டாலர், சில நாள் ஆகும். ஏடிஎன் (ATN)னு ஒரு நம்பர் குடுப்பாங்க, அத வச்சு சிஃபார்ஸ்ல ஸ்டேட்டஸ் பாக்கலாம். அப்ரூவ் ஆனா 30 நாளைக்குள்ள ஒரே ஒரு தடவை வாங்கிக்கலாம், அவ்வளவு தான். ரேஞ்சுலயே வாங்கி அங்கயே சுட்டு முடிச்சு எதையும் வெளிய எடுத்துட்டு வரலன்னா இந்த செக்கே தேவையில்ல, ஆரம்பத்துல அது தான் நல்லதுன்னு நான் சொல்லுவேன்.

ஸ்டெப் 4: கவுன்டர்ல எத குடுக்கணும், எத குடுக்க வேணாம்

பேர், அட்ரஸ், ஃபோன் நம்பர், பிறந்த தேதி, ஐடி நம்பர், கையெழுத்து, கூடவே எந்த பிராண்ட், என்ன வகை, எத்தனை. இது எல்லாம் சட்டப்படி எடுத்து டிஓஜேக்கு அனுப்பித்தான் ஆகணும், ஸ்வைப் பண்றதும் வழக்கம் தான், அதுக்கு சண்டை போடாதீங்க. ஆனா இந்த தகவல கடைக்காரர் வேற எதுக்கும் பயன்படுத்தவோ விக்கவோ உங்க எழுத்துப்பூர்வமான சம்மதம் வேணும், அதுவும் அதே சட்டத்துல தான் இருக்கு. அதனால மெம்பர்ஷிப், ஆஃபர், ஈமெயில்னு கூட ஒரு ஃபார்ம் நீட்டுனா நின்னு படிங்க, அந்த சம்மதம் அதுக்குள்ள ஒரு வரியா இருக்கலாம். வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு.

பில்ல பாத்து பயந்துடாதீங்க, 2024 ஜூலைல இருந்து வழக்கமான சேல்ஸ் டாக்ஸ் போக தோட்டாவுக்குன்னே தனியா 11 சதவீத வரி இருக்கு.

ஸ்டெப் 5: அந்த டேட்டா எங்க போய் உக்காருது

நான் செக்கே வேணாம்னு சொல்ற ஆள் இல்ல. ஆனா இவ்வளவு வாங்கி வச்சுக்கறவங்க அத காப்பாத்தணும்ல, அந்த கோவம் எனக்கு உண்மையாவே இருக்கு. 2022 ஜூன் 27ல டிஓஜே ஒரு டாஷ்போர்ட் வெளியிட்டாங்க, அதுல துப்பாக்கிய மறைச்சு எடுத்துட்டு போக பர்மிட் கேட்ட கிட்டத்தட்ட 1,92,000 பேரோட பேர், பிறந்த தேதி, அட்ரஸ், லைசென்ஸ் நம்பர் எல்லாம் ஏறக்குறைய 12 மணி நேரம் யார் வேணாலும் டவுன்லோட் பண்ற மாதிரி கிடந்துச்சு. வேணும்னே பண்ணலன்னு விசாரணைல சொன்னாங்க. எந்த வீட்ல துப்பாக்கி இருக்குன்னு திருடனுக்கு தெரிஞ்சுட்டா, அது வேணும்னே வெளிய போச்சா தெரியாம போச்சாங்கறதுல அந்த வீட்டுக்காரங்களுக்கு என்ன வித்தியாசம்?

இதுல நம்ம கையில இருக்குறது கொஞ்சம் தான். உங்க பேர்ல வேற யாரும் கடன் வாங்கிடாம இருக்க மூணு கிரெடிட் ப்யூரோலயும் ஃப்ரீஸ் போட்டு வைங்க, இலவசம். கார்டுல கட்டுனா துப்பாக்கி கடைக்குன்னே இருக்குற 5723ங்கற கோடு பேங்க் பக்கம் பதியலாம், நீங்க என்ன வாங்குனீங்கன்னு அதுல தெரியாது, எந்த மாதிரி கடைன்னு தெரியும். ரொக்கமா குடுத்தா அது வராது, ஆனா டிஓஜே ரெக்கார்ட் எப்படியும் இருக்கும்.

இந்த தொல்லைக்கு பேசாம பக்கத்து ஸ்டேட் நெவாடாவுல இருக்குற ரெனோ போயி நாலு பாக்ஸ் வாங்கி டிக்கில போட்டுட்டு வந்துடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. இங்க குடியிருக்குறவங்க வெளி ஸ்டேட்ல வாங்குன தோட்டாவ லைசென்ஸ் உள்ள கடை வழியா இல்லாம உள்ள கொண்டு வர்றது குற்றம், ரெண்டாவது தடவை மாட்டுனா மிஸ்டிமீனர்ங்கற கிரிமினல் கேஸ் வரைக்கும் போகலாம்.