கிச்சனரில் குடியேற்றச் சட்ட உதவி தேடும் கொங்குப் பிள்ளைகளுக்கு

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள கிச்சனர், வாட்டர்லூ நகரக் கல்லூரிகளுக்கு வந்து சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தொடக்கத்தில் வழக்கறிஞரே தேவையில்லை. படிப்பு அனுமதியை நீட்டிப்பதும், படிப்பை முடித்தபின் 180 நாட்களுக்குள் பணி அனுமதி கேட்பதும், எந்த அனுமதியானாலும் அது காலாவதியாகும் முன்பே அடுத்ததற்கு விண்ணப்பித்துவிடுவதும், குடியேற்றத் துறையின் இணையதளத்தைப் பொறுமையாக வாசிப்பவர் தாமே செய்துகொள்ளக்கூடியவை. சந்தேகம் வந்தால், பல கல்லூரிகளின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகர் இருப்பார், கட்டணமும் கேட்க மாட்டார். ஆனால் இலவசமாகக் கிடைப்பதை நம்மவர்கள் நம்புவதில்லை.

மறுப்புக் கடிதமோ, நேர்மையைக் கேள்விக்குள்ளாக்கி விளக்கம் கேட்கும் கடிதமோ வந்தால் நிலைமை வேறு. கனடாவில் பணம் பெற்றுக்கொண்டு குடியேற்ற ஆலோசனை சொல்லும் உரிமை, மாகாணச் சட்டச் சங்கங்களின் உரிமம் பெற்ற வழக்கறிஞர் முதலானோருக்கும், கியூபெக் மாகாண நோட்டரிகளுக்கும், ஆலோசகர்களை ஒழுங்குபடுத்த 2021 நவம்பரில் செயல்படத் தொடங்கிய அமைப்பின் உறுப்பினர்களுக்கும் மட்டுமே உண்டு. இவர்களுடைய பெயர்கள் இணையப் பட்டியல்களில் இருக்கின்றன. தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் கூட ஆகாது.

அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காத என் நண்பர் பெருந்துறைக்காரர். ஊரில் ஆர்.டி.ஓ. அலுவலகமானாலும் பத்திர அலுவலகமானாலும், கையெழுத்தைப் போட்டுக் காகிதத்தைக் கொடுத்துவிட்டால் மற்றதை எல்லாம் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்றே நாம் பழகியிருக்கிறோம். இங்கும் அப்படி ஒருவர் கிடைத்தார். கோயில் விழாவில் அறிமுகமான அவர், "நம்மூருப் பையன், உங்ககிட்டப் போய்க் காசக் கணக்குப் பாப்பனுங்களா தம்பி" என்று பேசி, பணத்தை மட்டும் ஊரில் உள்ள தன் மைத்துனர் கணக்கில் போடச் சொன்னார். நண்பரின் தந்தை மஞ்சள் விற்ற பணத்திலிருந்து அனுப்பினார். ரசீது கேட்பது மரியாதைக் குறைவாகப் பட்டது.

அந்த ஏஜென்ட் தன் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கி, கடவுச்சொல்லைத் தானே வைத்துக்கொண்டு, நண்பரே விண்ணப்பித்ததாகக் காட்டிப் பணி அனுமதிக்கு அனுப்பிவிட்டார். உரிமம் உள்ளவராக இருந்தால் ஐ.எம்.எம். 5476 என்ற பிரதிநிதிப் படிவத்தில் தம் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் எழுதியிருப்பார். பெயரே இல்லாமல் பின்னாலிருந்து விண்ணப்பம் போடுபவர் கண்ணில் பட மாட்டார், பிறகு யாருக்கும் பதில் சொல்லவும் மாட்டார். ஒரு சான்று குறைகிறது என்று துறை அனுப்பிய கடிதமும், கெடு கடந்தபின் வந்த மறுப்பும் அந்த மின்னஞ்சலுக்கே போயின. முடிவு வரும்வரை வேலை செய்யலாம் என்ற பாதுகாப்பு மறுப்போடு முடிந்துவிடும் என்பதால், மறுப்பு வந்ததே தெரியாமல் கிடங்கில் இரவுப் பணி பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் அவருக்கு எதிரான விதிமீறலாகச் சேர்ந்தது.

ஆகவே, யாரிடம் வேலையைக் கொடுத்தாலும், பிரதிநிதிப் படிவத்தில் அவர் கையெழுத்திட்டாரா என்று பாருங்கள். அனுப்பிய ஒவ்வொரு பக்கத்தின் நகலையும் அன்றைக்கே வாங்குங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் ஒரு டாலரும் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் போன படிவத்தில் பொய் இருந்தால், எழுதியவர் யாராக இருந்தாலும் ஐந்தாண்டுத் தடை உங்கள் தலையில்தான் விழும். கனடாவில் இருப்பவர், தம் கோப்பில் என்ன இருக்கிறது என்பதை ஐந்து டாலர் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பெறலாம்; இதற்கும் பெருந்தொகை கேட்பவர்கள் உண்டு.

மறுப்புக்குப் பின் நாட்கள் வேகமாகக் கரையும். நாட்டில் தங்குவதற்கான சட்டப்படியான நிலையை இழந்தவர் அதை மீட்க விண்ணப்பிப்பதற்கு 90 நாட்கள். நாட்டுக்குள் எடுக்கப்பட்ட முடிவை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடுவதற்கு வெறும் 15 நாட்கள். அந்த நீதிமன்றத்தில் உங்களுக்காக ஆலோசகர் வாதாட முடியாது, வழக்கறிஞர்தான் வேண்டும். ஒன்டாரியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாக அரை மணி நேரம் வரை இலவசமாக ஒருவரோடு பேசலாம். மாகாணச் சட்ட உதவி நிதி பெரும்பாலும் அகதி வழக்குகளுக்கே போவதால், அனுமதி மறுப்புக்கு அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

கிச்சனர் அளவுள்ள நகரத்தில் இத்துறையில் தேர்ந்தவர்கள் குறைவு என்று கவலைப்படத் தேவையில்லை. குடியேற்றச் சட்டம் நாடு முழுவதற்கும் பொது என்பதால் டொரொன்டோவில் இருப்பவரே காணொளியில் பார்த்துக்கொள்வார். என் நண்பரின் மீட்பு விண்ணப்பத்தையும் டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் உள்ள ஒரு தமிழ் வழக்கறிஞர்தான் தயாரித்தார். அறியாமல் செய்த வேலையை மறைக்காமல் விளக்கி எழுத வைத்தார். அங்கே ஈழத்தமிழ் வழக்கறிஞர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அகதி வழக்குகளையே பெரிதும் நடத்துபவர்கள் என்பதால், பணி அனுமதி மறுப்புகளையும் நிலை மீட்பையும் எடுத்து நடத்துகிறாரா என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். முன்பணத்தை, கட்சிக்காரர் பணத்துக்கென்று அவர் தனியாக வைத்திருக்கும் டிரஸ்ட் கணக்கில் செலுத்திக் கையோடு ரசீது வாங்குங்கள். அவர் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்.